ஆறு மணி பத்து நிமிடம், மணிக்கூடு பிழை

"கட்டில் 14. கப்பல் எஞ்சினியர், வெளிநாட்டவர். மாலை 6.10க்கு உயிர் பிரிந்தது." எங்கள் துறைமுகப் பட்டினத்தின் பழைய ஆஸ்பத்திரிப் பதிவேடு ஒன்றில், 1958 பெப்ரவரி 11 செவ்வாய்க்கிழமைக்கு எதிரே, ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருக்கிறது. ஓரத்தில் அதே கையெழுத்தில் இன்னும் இரண்டு சொற்கள்: "மணிக்கூடு பிழை." முந்தி ஓடியதா, பிந்தி ஓடியதா என்று எழுத அந்தத் தாதிக்கு நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் அதை அறிய அவரிடம் நல்ல மணிக்கூடு இல்லை.

நான் நில அளவைக் கந்தோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஊரின் பழைய கல்லறை எழுத்துகளைப் பிரதி எடுத்துத் தேதி சரிபார்க்கிறேன். ஓய்வு பெற்ற ஆண்களுக்கு வரும் வியாதிகளில் வீட்டுக்காரருக்குத் தொல்லை குறைந்தது இதுதான். ரொறன்ரோவிலிருந்து மிரியம் என்ற யூதப் பெண்மணி எங்கள் ஊர்ப் பங்குத்தந்தைக்கு எழுதிய கடிதம், அவருக்கு விளங்காத எல்லாக் கடிதங்களையும் போல, என்னிடம் வந்து சேர்ந்தது. அதில் ஒரே கேள்வி: "என் தந்தை இறந்தது சூரியன் மறைவதற்கு முன்பா, பின்பா?"

யூதர்களுக்கு நாள் என்பது மாலையில் தொடங்குவது. மாதம் பிறையோடு பிறப்பது, ஆகவே எங்கள் திதி போல நினைவு நாளின் ஆங்கிலத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். சூரியன் மறைந்தபின் இறந்தவருக்கு அடுத்த நாள்தான் நினைவு நாள். 1958இல் மிரியத்தின் தாய்க்கு வந்த தந்தியில் தேதி மட்டும் இருந்தது. அதை வைத்து அவர்கள் அறுபத்தேழு வருடம் ஒரே நாளில் விளக்கேற்றிவிட்டு, இப்போது சந்தேகப்படுகிறார்கள். இப்படி ஒரு கேள்வியை இவ்வளவு காலத்துக்குப் பிறகு கேட்பவர் ஒன்று புத்தி பேதலித்தவராக இருக்க வேண்டும், அல்லது என் இனத்தவராக இருக்க வேண்டும். பதிவேட்டைத் தேடிப் படியெடுத்தேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ரொறன்ரோவில் அக்காவுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள் என்று அழைப்பு வந்தது. வராவிட்டால் இனி முகத்தில் விழிக்க வேண்டாம் என்றும் அதில் இருந்தது.

2025 பெப்ரவரி 14, வெள்ளி. வந்து இறங்கினேன். அக்காவின் மகள் சுகந்தியின் வீடு சென் ஜேம்ஸ் ரவுணில் பத்தொன்பதாம் மாடி. ஊரில் பத்தொன்பது வீட்டுக்காரரின் பெயரும் சாதகமும் தெரிந்து வைத்திருந்த குடும்பம் அது. இங்கே பக்கத்துக் கதவுக்காரரை அவருடைய சமையல் வாசனையால் மட்டும் அடையாளம் காண்கிறார்கள்.

15, சனி. பனி. அக்காவின் விழா அடுத்த கிழமைக்குத் தள்ளிப் போயிற்று. அக்காவின் முகம் அச்சடித்த கேக் மட்டும் அதற்குள் வந்துவிட்டது. மூன்று நாள் நாங்கள் அவரைக் காலைச் சாப்பாடாகச் சாப்பிட்டோம். நெற்றியை யாரும் வெட்டத் துணியவில்லை.

17, திங்கள். மிரியத்தைப் பார்க்கப் புறப்பட்டேன். சுகந்தி ஒரு டப்பா நிறைய உளுந்து வடை கட்டித் தந்தாள்.

"என்ன மாமா, பிறந்தநாளுக்கு வந்திட்டு, செத்த நாள் விசாரிக்கப் போறியள்?"

"அது பொதுச்சேவை" என்றேன்.

"பொதுச்சேவை எண்டால் எங்கட அப்பான்ர திதியை முதல்ல சொல்லுங்கோ. வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நாள், திருக்கணிதம் இன்னொரு நாள். இஞ்சத்தை நேரமோ யாழ்ப்பாணத்து நேரமோ எண்டு ஐயரைக் கேட்டால், அவர் தனக்கு எந்த நாள் வசதி எண்டு பாத்துச் சொல்லுறார்."

இந்த ஊரில் நம்மவர்கள் ஒரே திருநாளை இரண்டு நாட்களில் கொண்டாடியதையும் கேள்விப்பட்டேன். பஞ்சாங்கம்தான் காரணம் என்றார்கள். இரண்டு கோயில் நிர்வாகங்களும் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பதைப் பிறகு தனியாகச் சொன்னார்கள்.

மிரியம் நகரின் நடுப்பகுதியில், அவருடைய தொழுகைக்கூடத்துக்கு நடைதூரத்தில் இருக்கிறார். ஓய்வுநாளில் அவர்கள் வாகனம் ஓட்டுவதில்லை. ஆகவே கும்பிடும் இடத்தைச் சுற்றியே குடியிருக்க வேண்டும். ஆனால் குடியிருந்தவர்கள் பிள்ளைகள் பெற்று, பெரிய வீடு தேடி, ஒரே தெருவைப் பிடித்து நேர் வடக்கே போய்விட்டார்கள். நம்மவர்கள் சென் ஜேம்ஸ் ரவுணையும் பார்க்டேலையும் விட்டு வடகிழக்கே போனார்கள். இரண்டு இனங்களும் முன்னேறியதன் அடையாளம், பழைய கோயிலுக்கு ஆள் இல்லை.

மிரியத்துக்கு வயது எழுபத்தேழு. குள்ளம். மூக்குக்கண்ணாடி ஒன்று கண்ணில், ஒன்று தலையில், ஒன்று கழுத்தில். அவர் ஆங்கிலத்தில் பேசியதை எனக்குப் பழகிய தமிழில் தருகிறேன். ஆகவே இனி வரும் யூதர்கள் எல்லாரும் எங்கள் ஊர்க்காரர் போலப் பேசினால் பிழை என்னுடையது.

வடை டப்பாவை நீட்டினேன். திறந்து மணந்து பார்த்தார்.

"நல்ல வாசம். ஆனா நான் சாப்பிடேலாது. உங்கட மருமகளின்ர சட்டியில என்னென்ன பொரிச்சிருப்பா?"

"மரக்கறிதான்" என்றேன். சுகந்தியின் சட்டியில் நான் வந்திறங்கிய இரவு இறால் பொரித்தது எனக்கே தெரியும். இறாலும் அவர்களுக்கு ஆகாது.

குசினியைக் காட்டினார். இறைச்சிக்கு ஒரு தொகுதிப் பாத்திரம், பாலுக்கு இன்னொன்று. கழுவும் தொட்டியும் இரண்டு. நான் வியப்பேன் என்று எதிர்பார்த்தார் போலும். சைவச் சட்டி, மச்சச் சட்டி என்று பிரித்து வைத்து, அகப்பை மாறியதற்காக ஒரு கிழமை பேசாமல் இருந்த வீட்டில் வளர்ந்தவன் நான் என்றேன்.

"தொட்டியும் ரெண்டோ?"

"ஒன்றுதான்."

"பிறகென்ன சட்டி பிரிச்சனீங்கள்!" என்றார் மிரியம். தோற்றுப்போனேன்.

"முழுப்பழம் கொண்டு வாருங்கோ. வெட்டாத பழம் எந்த வீட்டில இருந்து வந்தாலும் சாப்பிடலாம்" என்று ஆறுதல் வேறு.

பிறகு பதிவேட்டின் பிரதியை மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடிகளை இடம் மாற்றி மாற்றி வாசித்தார். தகப்பன் போரில் சொந்தங்கள் எல்லாரையும் இழந்து கனடா வந்தவர். திரும்பவும் கப்பலில் போனது குடும்பம் பிழைக்கத்தான். அவர் போனபோது மிரியத்துக்கு ஒன்பது வயது. நினைவில் இருப்பது கையின் எண்ணெய் மணம் மட்டும்.

"அண்டைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு விழுந்தது?"

"ஆறு பதினான்குக்கு. நானே கணக்குப் போட்டேன். மணிக்கூடு சரியாக இருந்தால் நான்கு நிமிடம் முன்பு இறந்திருக்கிறார். நீங்கள் கும்பிடும் நாள் சரி. முந்தி ஓடியிருந்தாலும் சரி. ஐந்து நிமிடம் பிந்தி ஓடியிருந்தால் அடுத்த நாள்."

"அப்ப அறுபத்தேழு வருசமாப் பிழையான நாளிலையோ?"

இத்தகைய இடத்தில் மனிதத் தன்மை உள்ளவன் ஒரு பொய் சொல்வான். நான், "சாத்தியம் உண்டு" என்றேன்.

அவர் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "எனக்கு இது சின்ன விசயமில்லை. கூடத்துச் சுவரில இருக்கிற செத்தவையின்ர பேரெல்லாத்துக்கும் நாள் பார்த்து பல்ப் போடுறது நான்தான். அதில கனபேருக்குச் சொந்தமெண்டு ஒருத்தரும் இந்த ஊரில இல்லை. என்ர நாளே பிழையெண்டால் மற்றவையின்ர நாளை என்ர கையில எப்பிடி நம்புறது?" கதவு வரை வந்து, "நாளைக்கு மாலை அப்பான்ர நாள் தொடங்குது, வழக்கம் போல மன்றாட்டு நடக்கும். வாருங்கோ" என்றார்.

18, செவ்வாய். தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரில் போனேன். பனிக்குவியலுக்குப் பயந்து யாரோ ஒருவர் தன் காரைத் தண்டவாளத்தின் மேல் பாதி நிறுத்திவிட்டுப் போயிருந்தார். ஸ்ரீட்கார் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. உலகத்தின் பணக்கார நாடுகளில் ஒன்று ஒரு சிவப்புக் காருக்கு முன்னால் கைகட்டி நின்றது. எங்கள் ஊரில் என்றால் எட்டுப் பேர் இறங்கிக் காரைத் தூக்கி ஓரமாக வைத்திருப்பார்கள், இருபது பேர் அதைப் பற்றி ஆலோசனை சொல்லியிருப்பார்கள்.

"ஐந்து நிமிடம்" என்றார் சாரதி.

என் பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு பெரியவர். "இறங்காதையும். அஞ்சு நிமிசமெண்டு சொல்லுறான்" என்றார். உத்தியோகபூர்வமான ஐந்து நிமிடங்களின் நீளம் எனக்குத் தெரியும். இறங்கி, முழங்கால் பனியில் நடந்தேன்.

தொழுகைக்கூடம் இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். கதவு பூட்டியிருந்தது. மணியடித்தால் கமெராவுக்கு முகம் காட்டி, பெயர் சொல்லி, யாரைத் தெரியும் என்றும் சொல்ல வேண்டும். காரணத்தை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சோதனைச்சாவடிகளுக்கு நடுவில் முதிர்ந்தவனுக்கு அதெல்லாம் விளக்கத் தேவையில்லை.

உள்ளே முந்நூறு பேர் இருக்கக்கூடிய வாங்குகள். சுவரில் பித்தளைப் பலகை, வரிசை வரிசையாக இறந்தவர் பெயர்கள், ஒவ்வொன்றின் அருகிலும் கட்டைவிரல் அளவு மின்குமிழ். மிரியம் ஏணிப்படியில் ஏறித் தகப்பனின் குமிழைத் திருகினார். எரிந்தது. பலகையில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். கீழே வாங்குகளில் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

இறந்தவருக்காகச் சொல்லும் மன்றாட்டுக்குக் கதீஷ் என்று பெயர். அதைத் தனியாகச் சொல்லக்கூடாது. வயது வந்த யூத ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இந்தக் கூடத்தில் பெண்கள் எண்ணிக்கையில் சேரமாட்டார்கள். பத்துப் பேரையும் ஒரு கிழமையாகத் தொலைபேசியில் துரத்திப் பிடிப்பவர் மிரியம். பிடித்து உள்ளே விட்டபின் அவர் பெண்களுக்கான திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும். மகன் இல்லாத வீடு என்பதால், கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அவ்ரம் என்பவர் கதீஷை உரக்கச் சொல்ல, மிரியம் திரைக்கு அந்தப் பக்கம் மெதுவாகச் சொல்வார். எங்கள் கோயில்களில் மோதகம் அவித்து, மாலை கட்டி, கூட்டி, கழுவி, பிறகு ஓரமாக நிற்கும் பெண்களை நினைத்துக்கொண்டு, கருத்து எதுவும் சொல்லாமல் இருந்தேன்.

கருத்துச் சொல்லாமல் இருக்கலாம், எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. விரலை நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். அவ்ரம் பாய்ந்து வந்து என் விரலைப் பிடித்தார்.

"ஆக்களை எண்ணக்கூடாது!"

"பத்துப் பேர் வேண்டும் என்கிறீர்கள். எண்ணாமல் எப்படித் தெரியும்?"

"எண்ணலாம். எண்ணாத மாதிரி எண்ண வேணும்." ஆட்களை எண்ணினால் கண்ணூறு படும், ஆகவே ஒவ்வொரு எண்ணோடும் 'இல்லை' சேர்த்து எண்ணுவது வழக்கம் என்று விளக்கி, எனக்கும் ஒரு சிறிய தொப்பியைத் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில், தலையில் பனியோடு புதிதாக வந்த ஒருவர், நின்றபடியே எண்ணத் தொடங்கினார். "ஒண்டு இல்லை, ரெண்டு இல்லை, மூண்டு இல்லை..." விரலை நீட்டாமல் தாடையால் சுட்டிக்கொண்டு வந்து, தன்னையும் சேர்த்து, என்னிடம் வந்து நின்றார். "பத்து இல்லை! தொடங்குவம்."

அவ்ரம் திரைக்குள் மிரியத்திடம் பெரிய மன்றாட்டுப் புத்தகம் ஒன்றை நீட்டிவிட்டு மேடைப்பக்கம் திரும்பியிருந்தார். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. எல்லாரும் எழுந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றிருந்தால் போதும். ஒரு குமிழ், ஒரு மன்றாட்டு, ஒரு வயதான பெண்ணின் நிம்மதி. கலியாண வீட்டுக்கு வராத சொந்தக்காரர்களைக்கூட வந்ததாக எழுதி வைக்கும் ஊரிலிருந்து வந்தவன் நான்.

"மன்னிக்க வேண்டும், நான் யூதன் அல்ல" என்றேன்.

பனித்தலையர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தியாவிலயும் எங்கட ஆக்கள் இருக்கினம். நீர் உவையில ஒருத்தர் எண்டெல்லோ நினைச்சன்."

"இந்தியாவும் அல்ல" என்றேன், இரண்டாவது ஏமாற்றமாக.

அவர் என்னைக் காட்டி "பத்து இல்லை" என்றது சொல்லுக்குச் சொல் உண்மையாகிவிட்டது. ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். இன்னொருவர் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். லென் என்று பெயர். அழைத்தால் எடுக்கவில்லை. அவ்ரம் என்னையும் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார். போகிற வருகிற ஆண்களிடம், "ஐயா, நீங்கள் யூதரோ?" இப்படித் தெருவில் ஆள் பிடிப்பது அவர்களுக்குப் பழைய வழக்கமாம். ஒருவர் பயந்து விலகிப் போனார். ஒருவர், "அம்மா வழியா, அப்பா வழியா?" என்று திருப்பிக் கேட்டார், தனக்கு அப்பா வழி என்றார், அவர்களுக்கு இனம் தாய் வழிதான், ஆகவே அது கணக்கில் வராது. ஒருவர் தன் வாழ்நாள் முழுவதும் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் போல நின்று, தான் புத்தமதத்துக்கு மாறிய கதையைப் பதினைந்து நிமிடம் சொன்னார்.

ஆறே முக்காலுக்கு ஒவ்வொருவராகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். ஒருவருக்கு மருந்து நேரம், ஒருவருக்கு மனைவி. அறுபத்தேழு வருடத்தில் முதல்முறையாக அந்த மாலையில் கதீஷ் சொல்லப்படவில்லை. "வடக்கே ஏதாவது கூடத்துக்குப் போகலாமே, அங்கே நூறு பேர் கிடைப்பார்களாம்" என்றேன், உதவி செய்கிறேன் என்ற எண்ணத்தில்.

மிரியம் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். "போகலாம். எல்லாரும் அப்பிடித்தான் போனவை. நானும் போனால் இந்தக் கதவைப் பூட்டிவிட்டு, பலகையைக் கழட்டி ஆரின்ரையாவது பேஸ்மென்ரில சாய்ச்சு வைப்பினம்." என் மீது கோபப்பட்டிருக்கலாம். கோபப்படாதது இன்னும் மோசமாக இருந்தது. சரியான தகவலைச் சரியான நேரத்தில் சொல்லி ஒரு மாலையைக் கெடுப்பது எனக்கு முதல் தடவை அல்ல, ஆனால் இவ்வளவு தூரம் பறந்து வந்து செய்தது இதுவே முதல்.

அவர் ஏணியில் ஏறினார், குமிழை அணைக்க. கை குமிழில் இருக்க, அப்படியே நின்றார். பிறகு அணைக்காமல் இறங்கிக் கைப்பையைத் திறந்தார். என் பிரதியை எடுத்து விரித்தார்.

"அவ்ரம், இஞ்ச வா. 'மணிக்கூடு பிழை' எண்டு எழுதியிருக்கு. இது சந்தேகமோ, இல்லையோ?"

அவ்ரம் வாசித்தார். தாடியைத் தடவினார். "சந்தேகம்தான்."

"சரியான சந்தேகமோ?"

"இதைவிடச் சரியான சந்தேகம் நான் காணயில்லை."

"அப்ப நாளைக்கும் அப்பான்ர நாள்தான்."

எனக்கு விளங்கவில்லை. அவ்ரம் விளக்கினார். பழைய காலத்தில் மாதம் பிறந்ததைப் பிறை பார்த்து எருசலேமில் அறிவிப்பார்கள். தூரதேசத்தில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரப் பிந்தும். எது சரியான நாள் என்று தெரியாததால் அவர்கள் திருநாளை இரண்டு நாள் கொண்டாடினார்கள். பிறகு பஞ்சாங்கம் கணக்காகி, சந்தேகம் தீர்ந்தது. ஆனாலும் வெளிநாட்டு யூதர்கள் இன்றும் இரண்டு நாள்தான்.

"சந்தேகம் தீர்ந்த பிறகும் ஏன்?" என்று கேட்டேன்.

"தாய் தகப்பன் செய்ததை எப்பிடி விடுறது?" என்றார் அவ்ரம். "ஊரில இருக்கிறவைக்கு ஒரு நாள் காணும். வெளியில இருக்கிற எங்களுக்கு ரெண்டு வேணும்."

நான் தேதி என்பது ஒன்றுதான் இருக்கமுடியும் என்று நம்பி முப்பது வருடம் அளவைக் கந்தோரில் இருந்தவன். ஒரு சந்தேகத்தை நூற்றாண்டுகளாகத் துடைத்து, எண்ணெய் போட்டு, வேலை செய்யும் நிலையில் வைத்திருக்கும் மக்களை நான் அதுவரை சந்தித்ததில்லை.

19, புதன். மிரியம் காலை முழுவதும் தொலைபேசியில். பனித்தலையர் முறைப்பட்டாராம்: "மனுசன் செத்தது ஒருக்கால்தானே?" அவருக்கு மிரியம் என்ன பதில் சொன்னார் என்பதை மொழிபெயர்க்க எனக்கு விருப்பமில்லை. அவர் வந்தார் என்பது மட்டும் பதிவுக்கு.

மாலை நான் முழு வாழைப்பழச் சீப்பு ஒன்றோடு, தொப்பியைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு, கடைசி வாங்கில், தூணுக்குப் பின்னால், எந்தத் தாடையும் சுட்டாத இடத்தில் இருந்தேன். ஒன்பது இல்லை. பிறகு மணி அடித்தது. கமெராவுக்கு முகம் காட்டி உள்ளே வந்தவர் ஊன்றுகோல் பெரியவர்.

என்னைக் கண்டதும் நின்றார். "நீரோ? நீர் நேற்று ஸ்ரீட்காரால இறங்கி நடந்தவர் எல்லே!"

"லென் என்பது நீங்கள்தானா?"

"ஒண்டரை மணித்தியாலம் அதுக்குள்ள இருந்தனான். முழங்கால் சரியில்லை, போனும் செத்துப்போச்சு. அவன் சொன்ன அஞ்சு நிமிசத்தை நம்பின மடையன் நான்."

நேற்று நான் அவரிடம் எங்கே போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தோள் கொடுத்து அழைத்து வந்திருக்கலாம். உலகத்தில் யார் எந்தத் தேதியில் எங்கே இருந்தார்கள் என்று விசாரிப்பவன், பக்கத்து இருக்கைக்காரரை விசாரிக்கவில்லை.

பத்து இல்லை. அவ்ரம் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அந்த மன்றாட்டில் சாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது என்று பிறகு சொன்னார்கள். கடவுளைப் புகழ்வது மட்டும்தானாம். அவ்ரத்தின் குரல் ஓரிடத்தில் மூச்சுக்கு நின்றபோது, திரைக்குப் பின்னால் இன்னொரு குரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிந்தபின் உப்பிட்ட மீன், உலர்ந்த கேக், கட்டைவிரலளவு குவளையில் விஸ்கி. மிரியம் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு என் அருகில் வந்தார். தகப்பனின் குமிழ் இரண்டாம் நாளும் எரிந்துகொண்டிருந்தது.

"வார்ட் மணிக்கூடுகளைப் பழுது பார்த்த விவரம் தலைமைத் தாதியின் நாட்குறிப்பில் இருக்கக்கூடும்" என்றேன். "அரசாங்கக் கச்சேரியின் ஆவண அறையில் அந்தப் புத்தகங்கள் இருக்கின்றன. போனவுடன் பார்த்து எழுதுகிறேன்."

அவர் பழத்தை விழுங்கினார்.

"அவசரமில்லை. ஆறுதலாப் பாருங்கோ" என்றார். "நான் இருக்கிற வரைக்கும் ஆறுதலா."

ஊர் திரும்பி எட்டு மாதமாகிறது. ஆவண அறை என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. கிழமையில் ஐந்து நாள் திறந்திருக்கும், பொறுப்பாளர் என்னோடு படித்தவர். நேற்றும் அந்த வழியால்தான் மீன் வாங்கப் போனேன். 1958 பெப்ரவரி 11ஆம் தேதி மாலை அந்த மணிக்கூடு முந்தி ஓடியதா, பிந்தி ஓடியதா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.